பதினெட்டுத் தட்டு

சனிக்கிழமை ஒன்பது மணியிலிருந்து
பன்னிரண்டு மணித்தியாலம் வெள்ளவத்தைக்குத் தண்ணி இல்லை.
அறிவித்தல் மூன்று நாளாய் லிஃப்டுக்குள் ஒட்டியிருந்தது.
அதனால்தான் ஆறு மணிக்கே எழும்பி
வெள்ளை எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டேன்:
அபர்ணிகாவின் இரண்டு சீருடை, என் பார்மசிக் கோட்,
தலையணை உறை,
சொல்லத் தேவையில்லாத சிலதும்.

ஏழு நாற்பதுக்கு மூன்று தரம் கத்தியது மெசின்.
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்
பாதிக்கு நின்றது சாம்பல் தண்ணி.
ஒரு சட்டைக்கை கண்ணாடியில் ஒட்டியிருந்தது,
பஸ்ஸைத் தவறவிட்டவளின் கை மாதிரி.
கதவு திறக்காது.
தண்ணி உள்ளே இருக்கும்வரை திறக்காது என்பது அதன் சட்டம்.

பிளக்கைப் பிடுங்கி அறுபது எண்ணிச் சொருகினேன்.
அதே மூன்று கத்தல்.
பின்பக்கக் குழாயைத் தடவினேன், மடிப்பில்லை.
வடிக்கிற பட்டனை அமத்த
அடியில் எங்கோ ம்ம்ம் என்றது,
சொல்ல வந்ததை விழுங்குகிற ஆள் போல.

உதேஷுக்கு எடுத்தேன். நீர்கொழும்பு பஸ்ஸில் நிற்கிறானாம்.
என் சிங்களம் சந்தைச் சிங்களம்.
விலை கேட்கும், குறைக்கும்,
பம்ப் என்றால் திக்கும்.
"வத்துர யன்னே நே."
"பில்டர் எக்க பலன்ன மிஸ். யட்ட, தகுணு பெத்தே."
தகுணு என்றால் தெற்கு.
கடலைப் பார்த்து நின்றால் தெற்கு இடப்பக்கம்.
இடப்பக்கம் ஒரு மூடியும் இல்லை.
வலதுக்கும் அதே சொல்தான் என்பது
குசினித் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்த பிறகு
ஞாபகம் வந்தது.

மூடிக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் உயரம்.
வாளி நுழையாது. சட்டி நுழையாது.
கேக் தட்டு நுழைந்தது.
அரைச் சுற்று திருக ஓடி வரும்,
நிரம்ப முன் இறுக்கவேண்டும்,
தளும்பாமல் எழும்பி வாளிக்குள் ஊற்றவேண்டும்.
ஒன்று. இரண்டு.
நாலாவதில் முழங்கால் நனைந்தது.
ஏழாவதில் ஏசினேன், யாரை என்று தெரியவில்லை.
பதினொன்றில் கதவு தட்டினார்கள்.

கீழ்வீட்டு ஷிஹாரா. கையில் வெறும் வாளி.
"தண்ணிச் சத்தம் கேட்டிச்சு. ஒங்கட ஊட்டுல வருதா?"
ஒன்பது தாண்டியிருந்தது. மோட்டர் பழுது, டாங்கியும் காலி.
"இது அழுக்குத் தண்ணி" என்றேன்.
"டொய்லட்டுக்கு ஊத்த என்ன அழுக்கு?"
செருப்பைக் கழற்றிவிட்டு வந்து
தட்டின் மற்றப் பக்கத்தைப் பிடித்தா.
அதன்பிறகு ஒரு சொட்டும் தரையில் விழவில்லை.

மூன்றாம் மாடி ரூபகாந்தன்
பெயின்ட் டின்னோடு வந்து நின்றார்.
யார் சொன்னார்களோ.

பதினெட்டாவது தட்டில் நூலாய் வந்து நின்றது.
மூடியை முழுதாய்க் கழற்றினேன்.
பஞ்சு. ஐந்து ரூபாய்க் குற்றி.
அதற்கும் பின்னால், பம்பின் சிறகில் குறுக்காய்,
பிறை மாதிரி வளைந்த ஒரு கம்பி.
நான் ஷிஹாராவைப் பார்த்தேன்.
ஷிஹாரா என்னைப் பார்த்தா.
ரூபகாந்தன் டின்னுக்குள் பார்த்தார்.
இரண்டு கிழமையாய் இடப்பக்கம் மட்டும்
ஏன் அவ்வளவு சுகமாய் இருந்தது என்று
இப்போது விளங்கியது.

உதேஷ் திரும்ப எடுத்தான்.
"மொகக்த மிஸ் திபுனே?"
"கம்பியக்" என்றேன்.
நல்லவேளை, இரண்டு பாஷையிலும் அது கம்பிதான்.

மூடியை இறுக்கி, மெசினைத் தட்டினேன்.
முனகல் இல்லை. பம்ப் கலகலத்து ஓய்ந்தது.
டிரம் ஒருமுறை புரண்டது.
அலசுவதற்கு வால்வு கிளிக் என்று திறந்தது,
காத்திருந்தது,
நாங்களும் காத்திருந்தோம்.

மூன்று கத்தல்.
இந்தமுறை வேறு எண்.
ஈர விரலால் கையேட்டைப் புரட்டினேன்:
தண்ணீர் வரவில்லை.
குழாயைத் திறந்துவிட்டீர்களா எனப் பார்க்கவும்.